வயிற்றுக்கு ஒரு வாயில்

உணவு வேறு, மருந்து வேறு என்பர் நம் நாட்டார். மருந்தை வேண்டாமென்று சொல்லலாம். உணவை வேண்டாமென்று சொல்லலாமோ என்பர். மருந்து கொடுக்க இயலாதவன் ஏழை, உணவு கொடுக்காதவன் பாவி! பாட்டன் இப்படித்தான் சொன்னான்; அவனுடைய பாட்டனும் இப்படித்தான் சொன்னான். சரி, நாம் ஒன்று கேட்போம். நாவைத் தொடாமல், பல்லிலே படாமல், தொண்டையைத் தாண்டாமல், வயிற்றின் மேற்புறத்திலே ஒரு துளையிட்டு, அந்தத் துளை வழியே ஒரு குழாயைச் செருகி, அந்தக் குழாயிலே ஊற்றப்படுகிறதே கஞ்சி — அது உணவா, மருந்தா?

விளையாட்டுக் கேள்வியன்று இது. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையிலே ஐந்து நீதிபதிகள் அமர்ந்து ஆராய்ந்த கேள்வி. அமெரிக்கப் பாராளுமன்றத்தை நள்ளிரவிலே கூட்டிய கேள்வி. போப்பாண்டவரைப் பேச வைத்த கேள்வி. நம் ஊர் மருத்துவமனைத் தாழ்வாரங்களிலே, மகன் முகத்தை மகள் பார்க்க, மகள் முகத்தை மருமகள் பார்க்க, "டாக்டர் டியூப் போடலாமா என்று கேட்கிறாரே, என்ன சொல்வது?" என்று விடை தெரியாமல் நாள்தோறும் நின்றுகொண்டிருக்கும் கேள்வி. விடை தெரியாத இடத்திலே என்ன நடக்கும்? விதி வந்து அமரும். ஊர்ப்பேச்சு வந்து அமரும். 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற அச்சம் வந்து அமரும். அறிவுக்கு அங்கே நாற்காலி இராது. அதனாலேயே எழுதுகிறோம்.

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வோம். தெரியாத பொருளைப் பற்றித் தீர்ப்புக் கூறும் பழக்கத்தைப் புராணிகர்களுக்கே விட்டுவிடுவோம்.

இந்தத் துளையின் வரலாறு துப்பாக்கி வெடியிலே தொடங்குகிறது. 1822 ஜூன் 6-ஆம் நாள், அமெரிக்காவின் மாக்கினா தீவிலே, விலங்குத் தோல் வாணிபம் நடந்த கடையொன்றில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கூலி இளைஞன்மீது தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்கமாட்டான் என்று எண்ணினார் இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட். பிழைத்தான்! ஆனால் இரைப்பைக்கும் வெளியுலகுக்கும் இடையே விழுந்த துளை மூடவேயில்லை. மருத்துவர் அதைச் சாளரமாக்கிக்கொண்டார். பட்டு நூலிலே இறைச்சித் துண்டைக் கட்டி உள்ளே இறக்குவார்; நேரம் பார்ப்பார்; வெளியே இழுப்பார்; எவ்வளவு கரைந்தது என்று குறிப்பார். 1833-இல் அந்தக் குறிப்புகள் நூலாக வந்தன. வயிற்றுக்குள்ளே வைசுவாநரன் என்னும் தீக்கடவுள் குந்தியிருந்து அன்னத்தைச் சமைக்கிறான் என்று இங்கே சுலோகம் ஓதிக்கொண்டிருந்தனர். அங்கே ஒருவர் துளைவழி எட்டிப் பார்த்து, இரைப்பை நீரின் வேலை அது என்று எழுதி வைத்தார்.

எழுதியது சரி. ஆனால் வயிற்றுக்குரியவனை ஒழுங்காகக் கேட்டாரா? மார்ட்டின் எழுத்தறிவற்ற ஏழை. வேலைக்காரனாக ஒப்பந்தம் எழுதி, அவன் வயிற்றையும் அந்த ஒப்பந்தத்திலே சேர்த்துக்கொண்டனர். மனம் கசந்து பலமுறை ஊருக்குப் போனான். வறுமை மறுபடி இழுத்து வந்தது. 1880-இல் அவன் இறந்தபோது, மருத்துவர்கள் உடலைக் கொண்டுபோய் அறுத்துப் பார்ப்பார்களோ என்று அஞ்சிய குடும்பத்தார், உடல் அழுகும்வரை வைத்திருந்து பிறகே ஆழக் குழி தோண்டிப் புதைத்தனர். அறிவியல் மீது நமக்குக் காதல் உண்டு. அந்தக் காதல் இந்தக் குடும்பத்தின் அச்சத்தைக் காணாதபடி நம் கண்ணைக் கட்டிவிடக் கூடாது. பின்னே வரப்போகும் வாதம் முழுவதற்கும் இந்த ஏழையின் கதை வேண்டியிருக்கிறது.

துளையோடு வாழலாம் என்று தெரிந்தபின், துளையிட்டுக் காப்பாற்றலாமா என்று எண்ணினர் அறுவை மருத்துவர்கள். பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பர்க் நகரிலே 1849-இல் செடில்லோ முயன்றார், நோயாளி இறந்தார். பின்னும் பலர் முயன்றனர். பின்னும் பலர் இறந்தனர். 1875-இல் இலண்டனில் சிட்னி ஜோன்ஸ் செய்த அறுவையில்தான் நோயாளி சில வாரங்கள் பிழைத்திருந்தார். அதன்பின் நூறாண்டுக் காலம், வயிற்றைக் கிழித்துத்தான் குழாய் வைக்க வேண்டியிருந்தது. 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரிலே காடரர், பான்ஸ்கி என்ற இருவர், வாய்வழியே உள்நோக்குக் கருவியை விட்டு, கிழிக்காமலே குழாய் வைத்தனர். முதலிற் பயன் பெற்றது ஒரு கைக்குழந்தை! இரண்டே ஆண்டுகளில், 1981-இல், கனடாவின் பிரஷா அந்த உள்நோக்குக் கருவியும் வேண்டாம், எக்ஸ்-ரே திரை போதும் என்று காட்டினார். இன்று இன்டர்வென்ஷனல் ரேடியாலஜி என்று மருத்துவமனைகளிலே பெயர்ப்பலகை தொங்குகிறதே, அந்தத் துறையின் வேலை அது. படம் எடுத்துக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நிற்கும் கதிரியல் அன்று. படத்தைப் பார்த்துக்கொண்டே கைவேலை செய்யும் கதிரியல்.

எப்படிச் செய்கிறார்கள்? மறைப்பதற்கு மந்திரம் ஏதுமில்லை, சொல்லிவிடலாம்.

முதல் நாள் இரவே சிறிது பேரியம் கொடுப்பதுண்டு. மறுநாள் திரையிலே பெருங்குடல் எங்கே கிடக்கிறது என்று அது காட்டிக் கொடுக்கும். ஈரலின் விளிம்பு எதுவரை இறங்கியிருக்கிறது என்று அல்ட்ராசவுண்டு கருவியால் பார்த்துத் தோலின்மேல் கோடு போடுவர். மூக்கு வழியே மெல்லிய குழாயை இரைப்பைக்குள் விட்டுக் காற்றை ஏற்றுவர். காற்றடைத்த பந்துபோல் இரைப்பை உப்பும். முன்வயிற்றுச் சுவரோடு வந்து ஒட்டும். குறுக்கே கிடந்த குடல் கீழே ஒதுங்கும். விலா எலும்புக்குக் கீழே, தோல் மரத்துப்போக ஓர் ஊசி. பிறகு திரையிலே கண், ஊசியிலே கை! உள்ளே சென்ற ஊசியின் வழியாக, எக்ஸ்-ரேயில் தெரியும் மருந்தைச் சிறிது செலுத்த, இரைப்பையின் மடிப்புகள் திரையிலே தோன்றும்; சரியான இடம் என்று தெரியும். அதே ஊசி வழியாகச் சின்னஞ்சிறு நங்கூரங்களை இறக்கி, இரைப்பையை வயிற்றுச் சுவரோடு இழுத்துக் கட்டுவர். இடையிலே கசிவு கூடாதல்லவா? பின்னர் ஊசி வழியே ஒரு கம்பி. ஊசியை உருவிவிட்டு, கம்பி காட்டும் பாதையிலே துளையைச் சிறிது சிறிதாக விரித்து, இறுதியிலே குழாய். 1953-இல் சுவீடன் நாட்டுச் செல்டிங்கர் இரத்தக் குழாய்களுக்கென்று கண்ட வழி இது. எளியது, ஆகவே உயர்ந்தது. குழாயின் பருமன் நான்கைந்து மில்லிமீட்டர், பென்சிலினும் மெலிது. உள்முனையிலே ஒரு சிறு பலூன். அதிலே நீர் நிரப்பினால் குழாய் நழுவாது.

பெரும்பாலோர்க்கு முழு மயக்கம் வேண்டுவதில்லை. அதனாலேதான் மூச்சுத் தசைகள் தளர்ந்த நோயாளிக்கும், தொண்டையிலே கட்டி வளர்ந்து உள்நோக்குக் கருவி நுழைய வழியில்லாத நோயாளிக்கும் இந்த முறை கைகொடுக்கிறது. இடரே இல்லை என்று சொல்லமாட்டோம். இரத்தம் கசியலாம், சீழ் பிடிக்கலாம், உணவு வயிற்றுக் குழிக்குள் ஒழுகி உயிருக்கே உலை வைக்கலாம். அரிதுதான், ஆனால் உண்டு.

இந்தக் குழாய் எவருக்கு வாழ்வளிக்கிறது என்று பாருங்கள். வாய்ப் புற்றும் தொண்டைப் புற்றும் மலிந்த நாடு நம்முடையது. புகையிலையும் பாக்கும் செய்த கொடை! கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும்போது வாயும் தொண்டையும் வெந்துபோய், எச்சிலைக்கூட விழுங்க முடியாமல் தவிக்கும் தோழன், இந்தக் குழாயின் துணையால் சிகிச்சையைப் பாதியிலே விடாமல் முடிக்கிறான்; பிறகு குழாயை எடுத்துவிட்டுச் சோறு உண்கிறான். பக்கவாதத்தால் விழுங்கும் ஆற்றல் இழந்தவர் உண்டு; அவருள் பலருக்கு அந்த ஆற்றல் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ திரும்பி வருகிறது; அதுவரை பாலமாக நிற்பது குழாய். மூக்குவழிக் குழாய் சில வாரங்களுக்குச் சரி. நான்கு வாரம் கடந்தும் தேவை நீடிக்குமானால் வயிற்றுவழியே நல்லது என்பது மருத்துவர் பொதுவாகக் கொள்ளும் முறை. நரம்புகள் தேய்ந்து தசைகள் ஓயும் நோயர், மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகள் — இவர்களுக்குக் குழாய் என்பது பள்ளிக்குப் போவதும் பணிக்குப் போவதும் ஆகலாம்.

அமெரிக்கத் திரைப்படத் திறனாய்வாளர் ரோஜர் ஈபர்ட் புற்றுநோயால் தாடையை இழந்தார். 2006-க்குப் பின் உண்ணவும் இல்லை, பருகவும் இல்லை, பேசவும் இல்லை. வயிற்றுக் குழாயே வாய். ஓய்ந்தாரா? 2013 ஏப்ரலில் இறக்கும்வரை எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பருக்கை சோற்றை விழுங்க முடியாத அந்த மனிதர், 2010-இல், மின்சார அரிசிக் குக்கரிலே சமைப்பது எப்படி என்று ஒரு நூல் எழுதி வெளியிட்டார்! உணவு இல்லையே என்று அவர் ஏங்கவில்லை. உடன் அமர்ந்து உண்போரின் பேச்சும் சிரிப்பும் கூடிய அந்தப் பந்திதான் இல்லாமற் போயிற்று என்று எழுதினார். இந்தச் சொல்லை மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள், பின்னர் வேண்டும்.

'ஆண்டவன் கொடுத்த வாயை விட்டு வயிற்றைக் குடைவதா?' என்று கேட்போர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். குழாய் வைத்தால் அதுவே முடிவின் தொடக்கம் என்று நடுங்குவோர் உண்டு. சோதிடனைக் கேட்டு நாள் தள்ளுவோர் உண்டு; நாள் தள்ளத் தள்ள உடல் இளைக்கும், இளைத்த உடலிலே புண் ஆறாது, பிறகு குழாயும் உதவாது. காது குத்தத் துளையிடுவான், மூக்குக் குத்தத் துளையிடுவான், ஆண்டவன் பெயராலேயே அலகு குத்தி நாக்கிலே துளையிடுவான். உயிர் காக்க வயிற்றிலே ஒரு துளை என்றால் மட்டும் ஆண்டவனின் படைப்புக்கு இழுக்கு வந்துவிடுகிறதாம்!

குழாயைச் சுமந்து வாழ்வது இழிவு என்று எண்ணும் இளைஞருக்கு நாம் ஒருவரை நினைவூட்டுவோம். தந்தை பெரியார் தம் கடைசி ஆண்டுகளிலே, சிறுநீர் தானே கழிய வழியின்றி, அதற்கென ஒரு குழாயைத் தாங்கி, அதனோடேயே ஊர் ஊராகச் சென்றார். 1973 டிசம்பர் 19-இல் தியாகராயநகர்க் கூட்டத்திலே, தொண்ணூற்று நான்கு வயதிலே, வலி தாங்காமல் இடையிடையே முனகியபடியே இறுதிச் சொற்பொழிவை ஆற்றினார். ஐந்தாம் நாள் மறைந்தார். குழாய் அவருக்கு இழிவாகவில்லை. அறிஞர் அண்ணாவின் உயிரைக் கொண்டதோ உணவுக் குழாயிலேயே தோன்றிய புற்று. 1968-இல் நியூயார்க்கிலே அறுவை நடந்தது. 1969 பிப்ரவரி 3-இல் நாடு அவரை இழந்தது. எக்ஸ்-ரே திரையைப் பார்த்துக் குழாய் வைக்கும் கலை அன்று பிறக்கவில்லை. அந்த நோயோடு இன்று படுத்திருக்கும் பெயர் தெரியாத தோழனுக்கு அது பிறந்திருக்கிறது. அதை அவனுக்கு மறுப்பவன் விதியென்று சொன்னாலும் மறுக்கிறான், பணமில்லை என்று சொன்னாலும் மறுக்கிறான்.

இதுவரை படித்த தோழர், 'பகுத்தறிவாளனுக்கு இதிலே என்ன சிக்கல்? கருவி வந்துவிட்டது, பொருத்து! மறுப்பவன் மூடன்!' என்று எழுந்துவிடக்கூடும். சற்றே அமர வேண்டுகிறோம். சிக்கல் இனிமேல்தான்.

எண்பத்தைந்து வயது மூதாட்டி. நினைவு தேய்ந்து தேய்ந்து, பெற்ற மகளையும் அறியாத நிலை. பேச்சில்லை, நடையில்லை. ஊட்டினால் இரண்டு வாய். மூன்றாவதுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். எடை குறைகிறது. பிள்ளைகள் பதறுகின்றனர்: 'பட்டினி போட்டுக் கொல்வதா? குழாய் வையுங்கள்!' அன்பிலே பிறந்த சொல்தான், ஐயமில்லை. ஆனால் அன்பு கேட்பதையெல்லாம் உடல் கொடுத்துவிடுமா?

இதை ஆராய்ந்திருக்கிறார்கள். 1999-இல் அமெரிக்க மருத்துவர் மூவர், அதுவரை வந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்து, முற்றிய மறதிநோயிலே குழாய் உணவு ஆயுளை நீட்டுகிறது என்பதற்கோ, உணவு மூச்சுக்குழலுக்குள் சென்று வரும் நுரையீரல் அழற்சியைத் தடுக்கிறது என்பதற்கோ, படுக்கைப் புண்ணை ஆற்றுகிறது என்பதற்கோ சான்றில்லை என்று எழுதினர். பின்வந்த ஆய்வுகளும் அந்த முடிவைப் புரட்டவில்லை. 2014-இல் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளிப்படையாகவே அறிவித்தது: முற்றிய மறதிநோயர்க்குக் குழாய் வேண்டாம், பொறுமையாகக் கையால் ஊட்டுங்கள். குழாய் வைத்தால் நேர்வது என்ன? ஏன் அது தம் வயிற்றிலே தொங்குகிறது என்று அந்த மூதாட்டிக்குத் தெரியாது. பிடுங்குவாள். பிடுங்காமலிருக்கக் கையைக் கட்டுவர். பத்துப் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த கை, கட்டிற் கம்பியிலே துணியால் கட்டப்பட்டுக் கிடக்கும். அதற்குப் பெயர் அன்பாம்!

'பசியால் துடிப்பாளே!' என்பீர்கள். அதையும் பார்த்திருக்கிறார்கள். இறக்கும் நிலையிலிருந்த, ஆனால் தெளிவாகப் பேசக்கூடிய 32 பேரை நாள்தோறும் கேட்டு, 1994-இல் வெளியிட்ட ஓர் ஆய்விலே, 20 பேருக்குப் பசியே தோன்றவில்லை. மற்றவருள் பெரும்பாலோர்க்கும் தொடக்கத்திலே தோன்றி மறைந்தது. வறண்ட வாயை நனைப்பதும், ஒரு துண்டு பனிக்கட்டியும், விரும்பிக் கேட்ட ஒரு கவளமும் அவர்களுக்குப் போதுமானவையாக இருந்தன. உண்ணாமையால் சாவு வருகிறது என்று நாம் எண்ணுகிறோம். சாவு வருவதாலேயே உடல் உண்ணாமையை நாடுகிறது என்பதே பல நேரங்களிலே உண்மை. காரணத்தையும் காரியத்தையும் இடம் மாற்றிக் காண்பது மூடநம்பிக்கையின் முதல் இலக்கணமல்லவா? கோயிலிலே மட்டும்தான் அது குடியிருக்கும் என்று யார் சொன்னது?

கருவியைக் கண்டு கைகூப்புவதும் ஒருவகை வழிபாடே. குங்குமமும் கற்பூரமும் இல்லாததாலே அது பகுத்தறிவாகிவிடாது. ஒரு கருவி எவருக்கு உதவும், எவருக்கு உதவாது என்று பிரித்தறிவதற்கே அறிவு என்று பெயர். தொண்டைப் புற்று உள்ளவனுக்குக் குழாயை மறுப்பதும், மறதியிலே மூழ்கிவிட்ட மூதாட்டிக்குக் குழாயைத் திணிப்பதும், ஒரே அறியாமையின் இரு கிளைகள் என்றே நாம் கருதுகிறோம்.

ஒரு துணைச் செய்தி. 'கையால் ஊட்டுங்கள்' என்று சங்கம் அறிவித்துவிட்டது, ஊட்டுவது யார்? ஒருவேளைக் கஞ்சி ஊட்ட ஒரு மணி நேரம் ஆகும். கழுத்தைத் தாங்கி, கரண்டியைக் காட்டி, விழுங்கினாளா என்று பார்த்து, இருமினால் நிறுத்தி, மறுபடி தொடங்கி… நாளைக்கு மூன்று முறை. நம் வீடுகளிலே அந்த மூன்று மணி நேரமும் மருமகளுடையது, அல்லது மணமாகாத மகளுடையது. குழாய் வேண்டாம் என்று கூடத்திலே கொள்கை பேசும் ஆண்மகன், அடுக்களையிலிருந்து கரண்டியை எடுத்துவந்து தானே அமர்வதில்லை. ஈபர்ட் ஏங்கினாரே, அந்தப் பந்தியின் கடைசித் துண்டு அந்தக் கரண்டியிலேதான் இருக்கிறது. பெண்ணுரிமை பேசும் நம் இளைஞர் அதைக் கையிலே எடுக்கட்டும்.

இனிச் சமயத்தாரும் சட்டத்தாரும் என்ன சொல்கின்றனர் என்று பார்ப்போம். 1989-இல் இங்கிலாந்தின் ஹில்ஸ்பரோ விளையாட்டரங்க நெரிசலிலே நசுங்கி உணர்விழந்த டோனி பிளாண்ட் என்ற இளைஞரின் வழக்கிலே, 1993-இல் பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது: குழாய்வழி உணவு மருத்துவச் சிகிச்சையின் பகுதியே, பயனற்றபோது நிறுத்தலாம். 2004 மார்ச்சிலே போப் இரண்டாம் ஜான் பால் எதிராகப் பேசினார்: குழாய்வழி வந்தாலும் நீரும் உணவும் இயற்கையான காப்பே, மருத்துவச் செயல் அன்று; கொள்கையளவில் கொடுத்தே ஆகவேண்டும் என்றார். மறு ஆண்டே அமெரிக்காவின் புளோரிடாவிலே டெரி ஷியாவோ வழக்கு முற்றியது. பதினைந்து ஆண்டு உணர்வற்றுக் கிடந்த பெண். எடுத்துவிடுங்கள், அவள் விருப்பம் அதுவே என்றார் கணவர். கூடாது என்றனர் பெற்றோர். நீதிமன்ற ஆணைப்படி 2005 மார்ச் 18-இல் குழாய் நிறுத்தப்பட, நள்ளிரவிலே கூடிய பாராளுமன்றம் அவர் ஒருவருக்கென்றே சட்டம் இயற்றியது. உறங்கிய அதிபரை எழுப்பிக் கையெழுத்து வாங்கினர். நீதிமன்றங்கள் அசையவில்லை. மார்ச் 31-இல் அவர் இறந்தார். உடலை ஆய்ந்தபோது மூளையின் எடை 615 கிராம், இருக்கவேண்டியதிலே பாதி. தெருவிலே மண்டியிட்டுத் தொழுத கூட்டத்துக்கும், வாக்கு எண்ணிக்கை பார்த்து வாய் திறந்த அரசியலாருக்கும், அந்தப் பாதி மூளை திரும்பி வளரும் என்ற நம்பிக்கை இருந்ததோ என்னவோ!

பிரபுக்கள் சபையின் பக்கமே நாம் நிற்கிறோம். துளையிட மருத்துவர் வேண்டும், எக்ஸ்-ரே வேண்டும், மாற்றுக் குழாய் வேண்டும், சீழ் பிடித்தால் ஊசி வேண்டும். இவையெல்லாம் வேண்டியிருப்பது மருத்துவம். மருத்துவமாயின், பயன் உண்டா என்று கேட்கலாம், வேண்டாம் என்று மறுக்கலாம். 'சோறு' என்ற சொல்லின் புனிதத்தைக் காட்டி அந்தக் கேள்வியை அடைக்க முடியாது.

மறுக்கும் உரிமை ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்கும் வரலாறு சான்று தருகிறது. 1909 தொடங்கி இங்கிலாந்துச் சிறைகளிலே, வாக்குரிமை கேட்டு உண்ணாமல் இருந்த பெண்களை நால்வர் பிடித்துக்கொள்ள, மூக்கிலும் தொண்டையிலும் குழாயைத் திணித்து ஊற்றினர். மணிப்பூரின் இரோம் சர்மிளா, படைகளுக்குச் சிறப்பதிகாரம் தரும் சட்டத்தை நீக்கக் கோரி 2000 நவம்பரிலே உண்ணாநோன்பு தொடங்கினார். 2016 ஆகஸ்டு 9 வரை, ஏறத்தாழப் பதினாறு ஆண்டுகள், காவலிலே வைத்து மூக்குக் குழாய்வழி அவருக்கு உணவு செலுத்தியது அரசு. உடல் வாழ்ந்தது, ஒப்புதல்? செயின்ட் மார்ட்டினின் வயிற்றை ஒப்பந்தத்திலே சேர்த்த கைக்கும், இந்தக் குழாயைப் பிடித்த கைக்கும் உறவு உண்டு. தன் வயிற்றின் வாயிலுக்குத் தானே உரியவர் என்பதை இரண்டுமே ஏற்கவில்லை.

ஆனால் மறுக்கும் உரிமை, சாகும் கடமையாகத் திரிந்துவிடக்கூடும் என்பதையும் தமிழ்நாட்டிலே இருந்துகொண்டு நாம் மறக்கலாகாது. தென்மாவட்டச் சிற்றூர்கள் சிலவற்றிலே தலைக்கூத்தல் என்றொரு கொடுமை உண்டு. படுத்த முதியவருக்கு விடியலிலே எண்ணெய் முழுக்காட்டி, இளநீரும் பாலும் புகட்டி, சாவை விரைவுபடுத்தி, இயற்கையாகப் போய்விட்டார் என்று சொல்லிவிடுவர். வாய்க்கரிசிக்கு வந்து நிற்கும் உறவுக்கூட்டம் கேள்வி கேட்பதில்லை. அங்கே 'குழாய் வேண்டாம்' என்ற சொல் எவர் வாயிலிருந்து வருகிறது என்று பார்க்கவேண்டாமா? ஐந்து ஏக்கர் நிலத்தின் வாயிலிருந்தா? நோயாளிக்குப் பயனில்லை என்பதாலா, பெண்குழந்தைக்கு இவ்வளவு செலவா என்பதாலா? மகனுக்கானால் குழாய், மகளுக்கானால் விதி என்றால், அந்த மறுப்பை நாம் உரிமை என்று அழைக்கமாட்டோம். மறுப்பு நோயாளியுடையதாக இருக்கவேண்டும். அல்லது, அவர் பேச முடிந்தகாலத்திலே சொல்லிவைத்ததாக இருக்கவேண்டும்.

சொல்லிவைக்க வழியும் வந்துவிட்டது. 2018 மார்ச் 9-இல் இந்திய உச்சநீதிமன்றம், மீளாத நிலையிலே தனக்கு எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. நீதிபதிமுன் நின்று கையெழுத்திடவேண்டும் என்ற முட்டுக்கட்டையை 2023 ஜனவரியிலே நீக்கி, இரு சாட்சிகளும், ஒரு நோட்டரியோ பதிவு பெற்ற அரசு அதிகாரியோ போதும் என்று எளிதாக்கியது. முக்கால் காணித் தோட்டத்துக்கு மூன்று உயில் எழுதும் நாட்டிலே, சொந்த வயிற்றுக்கு ஓர் உயில் எழுதியவரை விரல்விட்டு எண்ணலாம். 'அபசகுனம்' என்று பெரியோர் பேச்சை அடைத்துவிடுகின்றனர். சீர்திருத்தத் திருமணத்திலே தாலி வேண்டாம் என்று துணிந்த குடும்பங்களிலேகூட, அப்பா, உங்களுக்குப் பேச முடியாமற் போனால் என்ன செய்யட்டும் என்று கேட்கத் துணிவு வரவில்லை. மன்றக் கூட்டங்களிலே இதைப் பேசுங்கள், தோழர்களே. அந்தத் தாளிலே 'குழாய் வேண்டாம்' என்றுதான் எழுதவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. 'எனக்கு எல்லாமும் செய்யுங்கள்' என்றும் எழுதலாம். 'மூன்று மாதம் வைத்துப் பாருங்கள், விழுங்கும் ஆற்றல் வரவில்லையானால் எடுத்துவிடுங்கள்' என்றும் எழுதலாம். பக்கவாத நோயர் பலருக்கு அதுவே பொருத்தமான நடுவழி.

வேண்டும் என்று துணிந்தபின் வரும் வேலை ஒன்று பாக்கியிருக்கிறது, பேசுவோர் குறைவு. குழாயோடு வீடு திரும்பிய நோயாளிக்கு, தலைப்பக்கத்தை உயர்த்தி அமரவைத்து, நன்றாக அரைத்து வடிகட்டிய கஞ்சியோ பருப்பு நீரோ மெல்ல ஊற்றி, முன்னும் பின்னும் வெந்நீரை ஆறவைத்துச் செலுத்திக் கழுவி, துளையைச் சுற்றிய தோலை நாள்தோறும் துடைக்கவேண்டும். பலூன் குழாயைச் சில மாதங்களுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பெருநகர மருத்துவமனையிலே அரைமணி நேரத்திலே பொருத்திவிடுகிறார்கள், மாற்றுவது எங்கே? நழுவி விழுந்தால், புதிய துளையானால் வீட்டிலே எவரும் திரும்பச் செருகக் கூடாது, உணவு வயிற்றுக் குழிக்குள் போய்விடும். பழைய துளையானால் சில மணி நேரத்திலேயே அது சுருங்கி மூடத் தொடங்கிவிடும். இரவு எட்டு மணிக்குக் குழாய் நழுவிய சிற்றூர்க்காரர் எந்தப் பேருந்தைப் பிடித்து எங்கே ஓடுவார்? மாவட்ட மருத்துவமனை ஒவ்வொன்றிலும் இதைச் செய்யத் தெரிந்த மருத்துவர் ஒருவரும், வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கும் செவிலியர் ஒருவரும், அளவுக்கேற்ற மாற்றுக் குழாய்கள் சிலவும் வேண்டும் என்று கேட்போம். மனு எழுதுவோம், மன்றம்தோறும் தீர்மானம் போடுவோம். அவை வந்துசேரும்வரை, நழுவிய குழாயைக் குப்பையிலே எறியாமல், ஒரு துணியிலே சுற்றிக் கையோடு எடுத்துச் செல்லவேண்டும், அதன் அளவைப் பார்த்துத்தான் புதியதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பதையாவது, குழாயோடு வாழ்பவர் இருக்கும் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவாருங்கள்.